கல் வைத்த மரம்

மண்டபத்துக்கு விறகு லாரி வரும் நாளில், நறுக்கிக்கொண்டிருக்கும் காயை அப்படியே வைத்துவிட்டுப் பின்வாசலில் போய் நிற்பேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. இறக்குவதற்கு ஆள் இருக்கிறது, அடுக்குவதற்கும் ஆள் இருக்கிறது. ஆரம்பத்தில் சமையல்காரர் அதட்டினார். இப்போது விட்டுவிட்டார். "அம்மாவோட சொந்தக்காரங்க லாரியில வந்திருக்காங்க, பாத்துட்டு வரட்டும்" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார்.

மைசூரில், நஞ்சன்கூடு ரோட்டுப் பக்கம் இருக்கிற கல்யாண மண்டபம் அது. பாயசம், பொரியல் எல்லாம் கேஸில் ஆகும். சோறும் சாம்பாரும் மட்டும் விறகு எரிக்கும் கோட்டை அடுப்பில். லாரியில் வருவதெல்லாம் தோட்டத்து மரம்தான். சில்வர் ஓக், தைல மரம், எப்போதாவது புளி. யாரும் பார்க்காதபோது ஒரு துண்டை எடுத்து, வெட்டுப்பட்ட இடத்தில் மூக்கை வைத்துப் பார்ப்பேன். நான் தேடுவது வெக்காலி வாசனையை. எங்கள் காட்டு மரம் அது.

அந்த வாசனை வந்துவிடக் கூடாது என்றும் நினைத்துக்கொள்வேன். காட்டு மரம் லாரியில் வந்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஆனாலும் ஒவ்வொரு லாரிக்கும் போய் நிற்கிறேன். கை கழுவின பிறகும் விரலை ஒரு முறை முகர்ந்து பார்க்கிறேன்.

ஹனூர் தாண்டி, ராமாபுரத்திலிருந்து உள்ளே போனால், காட்டை ஒட்டி இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. கேழ்வரகு, சோளம், கொஞ்சம் மஞ்சள் போடுவார்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். பத்தாவது வரைக்கும் போனேன். கேள்வி கேட்டால் பதில் தெரியும், எழுந்து சொல்ல வராது.  கல்யாணம் ஆகி அதே ஊரில் அடுத்த தெருவுக்குப் போனேன். அங்கேயும் அப்படித்தான். "ஊமையைக் கட்டிட்டு வந்துட்டான்" என்று சொன்னார்கள். என் வீட்டுக்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சத்தம் இல்லாத வீடு அவருக்கும் பிடித்திருந்தது.

நான் பேசியதெல்லாம் விறகுக்குப் போன வழியில்தான். பேசியதும் ஒருத்தியிடம் மட்டும்.

பக்கத்து வீட்டு அக்கா. சொந்தம் இல்லை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். அவள் வீட்டுக்காரர் கல்குவாரி வேலைக்கு என்று போய் அந்தப் பக்கமே இருந்துவிட்டார். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு அவள் தனியாக இருந்தாள். நாங்கள் எல்லாம் வீட்டு அடுப்புக்கு விறகு பொறுக்கினோம். அவளுக்கு அதுதான் பிழைப்பு. தினமும் ஒரு கட்டு, ராமாபுரத்து டீக்கடைக்கும் ஓட்டலுக்கும். மழை பெய்தாலும் அவள் கட்டு உலர்ந்துதான் இருக்கும். எப்படி என்று கேட்டால், "அதுங்ககிட்ட நனையாதீங்கடின்னு சொல்லி வச்சிருக்கேன்" என்பாள்.

காலையில் போகும்போது கும்பலாகப் போவோம். யானை இருந்தால் விலகட்டும் என்று கூக்குரல் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு. அப்போது நான் வாய் திறக்க மாட்டேன். திரும்பி வரும்போது ஒற்றையடிப் பாதை. தலையில் சும்மாடு, அதன் மேல் கட்டு. கட்டைத் தலையில் வைத்துவிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்க மாட்டாள், பார்க்க முடியாது. எனக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது என்று இன்றைக்கு நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. அக்காவின் முதுகும் கட்டிலிருந்து தொங்கும் கொடியும் மட்டும் கண்ணுக்கு முன்னால். முகம் இல்லை. எனக்குப் பேச்சு வந்தது.

அப்படிப் பேசிப் பேசித்தான் இரண்டாவது குழந்தை வயிற்றிலேயே போனதைச் சொன்னேன். அம்மாவிடம்கூட அழாமல் இருந்தவள் நான். அக்கா அதைக் கேட்டு நடையை மட்டும் குறைத்தாள். கட்டோடு நடையைக் குறைப்பது கஷ்டம், வேகமாகப் போனால்தான் பாரம் தெரியாது. அன்றைக்கு ஓடை வரைக்கும் அப்படி மெதுவாகவே நடந்தாள்.

காட்டில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. விழுந்து கிடக்கிற மரத்தை ஒருத்தி பார்த்துவிட்டால், இன்றைக்குத் தூக்க முடியாது என்றால், அதன் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவாள். அந்த மரம் அவளுடையது. வேறு யாரும் தொட மாட்டார்கள். பக்கத்து ஊர்ப் பெண்களும் தொட மாட்டார்கள். கல்லை எடுத்துவிட்டு விறகை எடுத்தவள் வீட்டுப் பானையில் சோறு வேகாது என்று பேச்சு. சோறு வேகாமல் போன வீடு எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் கல்லை எடுத்தவளையும் பார்த்ததில்லை.

என் மாமியார் காலத்தில் ஊர்க் கடைசி வீட்டுக்குப் பின்னாலேயே விறகு கிடைத்ததாம். நான் கல்யாணமாகி வந்தபோது ஓடைக்கு அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் இரண்டாவது குன்றையும் தாண்டினோம். விழுந்த மரம் குறைந்ததும் நின்ற மரத்தில் கிளை முறித்தோம். பிறகு கிளை முறித்த மரம் காய்ந்தது, அதையும் எடுத்தோம். வெட்டவெளியான இடத்தில் எல்லாம் உண்ணிச்செடி ஏறிப் புதராக அடைத்துக்கொண்டது. அதற்குள் மாடும் போகாது, மானும் போகாது. யானை கேழ்வரகுக் காட்டுக்கு இறங்கியது. நாங்கள் யானையைத் திட்டினோம்.

அப்போதுதான் ஒரு அமைப்பைச் சேர்ந்தவர்கள் வந்தார்கள். வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு கொடுப்பார்கள். உண்ணிச்செடியை வெட்டி, குச்சியை வேக வைத்து, தோல் உரித்து நாற்காலி, கூடை செய்யக் கொட்டகை போட்டுத் தருவார்கள். பதிலுக்கு ஊரில் ஒரு வீடு விடாமல் விறகுக்குப் போவதை நிறுத்த வேண்டும். ஒரு வீடு மறுத்தாலும் திட்டம் அடுத்த ஊருக்குப் போய்விடும். பேப்பரில் கையெழுத்து வாங்குவதைவிட மாதேஸ்வரன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுவது நல்லது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். அமைப்பின் மேற்பார்வையாளர் சரி என்றார். ஹாசன் பக்கத்து ஆள் அவர், முப்பத்தைந்து வயது இருக்கும். கன்னடத்தில் பேசுவார், நடுவில் தமிழையும் சேர்த்துக்கொள்வார்.

எல்லாரும் வரிசையாகக் கற்பூரத்தின் மேல் கை வைத்தார்கள். அக்கா தூண் ஓரமாக நின்றுகொண்டு வரவில்லை.

"ஏனக்கா, வாங்கோ. உங்க ஒருத்தரால நின்னு போயிரும்" என்று கூப்பிட்டார்கள்.

"கையெழுத்துன்னா போட்டுட்டு நாளைக்கு விறகுக்குப் போயிருவேன். சாமி முன்னாடி எப்படிப் பொய் சொல்றது?"

"அடுப்பு சும்மா குடுக்கறாங்க, வேண்டாம்ங்கறியே?"

"அடுப்ப வச்சு நான் என்ன பண்றது? என்ற வீட்ல அடுப்பு எரியறது ஒரு வேளை. நான் விறகு எரிக்கறவ இல்ல சாமி, விக்கறவ. எரிக்கறவங்களுக்கு அடுப்பு குடுத்தாச்சு. விக்கறவளுக்கு என்ன குடுக்கறீங்க?"

"கொட்டகையில வேலை இருக்கு" என்றார் மேற்பார்வையாளர்.

"உக்காந்து செய்யற வேலை எனக்கு ஆகாதுங்க சார். முட்டி மடக்கினா நீங்கதான் ரெண்டு பேரு வந்து தூக்கோணும்."

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அக்காவின் காலைப் பார்த்தார். பிறகு, "காட்டுல நடக்கற வேலைன்னா செய்வீங்களா?" என்றார். காட்டுக்குள் தீ பரவாமல் இருக்கச் சருகைக் கூட்டிக் கோடு போட வேண்டும். கோடை முழுவதும் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் உண்ணிச்செடி வெட்டும் இடத்தைக் காட்ட வேண்டும். யார் மரம் வெட்டுகிறார்கள் என்றும் கண் வைக்க வேண்டும். இதற்கு ஆம்பளைகளை வைப்பதாகத்தான் யோசித்திருந்தார்களாம்.

அக்கா வந்து கற்பூரத்தின் மேல் கை வைத்தாள். ஊர் முழுக்கக் கேட்கும்படி, "எனக்கு வேலை குடுக்கற வரைக்கும் வெட்ட மாட்டேன் மாதேஸ்வரா. வேலை நின்னா இந்தச் சத்தியமும் நின்னுச்சு" என்றாள்.

"இது என்ன சத்தியம், வாடகை வீடு மாதிரி" என்றார் பூசாரி. ஆனாலும் திருநீறு கொடுத்தார்.

இப்படிக் கேஸ் வந்தது. முதலில் பயந்தோம். பற்ற வைக்கும்போது முகத்தைத் தூர வைத்துக்கொள்வோம். களி மட்டும் சரியாக வரவில்லை என்று எல்லா வீட்டு ஆண்களும் சொன்னார்கள். அக்கா எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. வாயில போட்டா சிலிண்டர் கம்பெனி பேரு தெரியுது" என்றாள்.

முதுகுவலி போனது. இருமல் போனது. மகளுக்குத் தலை வாரிவிட எனக்கு நேரம் கிடைத்தது. இதையெல்லாம் நான் மறைக்கக் கூடாது. விறகுக்குப் போவது சுகமான வேலை இல்லை. முள் தைத்த காலோடு, மழை வருவதற்குள் ஓடை தாண்ட வேண்டுமே என்று ஓடியிருக்கிறோம். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியை யானை அடித்திருக்கிறது. அந்தப் பாதை மூடிக்கொண்டதற்கு யாரும் அழவில்லை. நான் மட்டும் கொட்டகையில் உட்கார்ந்து உண்ணிக்குச்சியைத் தோல் உரிக்கும்போது, எதிரே இருக்கிறவள் ஏதாவது கேட்டால் தலையைக் குனிந்துகொண்டேன். எதிரெதிரே உட்கார்ந்து செய்கிற வேலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகம் இருந்தது. பத்தாவது வகுப்பு திரும்ப வந்துவிட்டது போல இருந்தது.

மத்தியானம் அக்காவுக்குச் சோறு கொண்டுபோகிறேன் என்று சொல்லிக் காட்டோரம் வரைக்கும் போய்வருவேன். அவள் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு உள்ளிருந்து வருவாள். ஆம்பளைக்குத் தைத்த சட்டை, முழங்கால் வரைக்கும் தொங்கும். "எப்படி இருக்கேன், கலெக்டர் மாதிரி இல்ல?" என்பாள். சோற்றைத் தின்றுகொண்டே காட்டுக்குள் நடந்ததைச் சொல்வாள். அரப்பு மரம் பூத்ததைச் சொல்வாள். நாங்கள் கிளை முறித்த ஒரு வெக்காலி மறுபடி துளிர்த்ததைச் சொல்வாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் என் எதிரே உட்கார்ந்திருப்பாள். அதனால் எனக்குப் பேச வராது.

அடுத்த ஊருக்கு இன்னும் திட்டம் போகவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் எங்கள் பக்கத்துக் காட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கம் விழுந்த மரம் விழுந்தபடியே கிடந்ததே! அக்கா அவர்களைத் தடுக்கவில்லை. "நான் போன வருசம் பண்ணினதை இந்த வருசம் அவ பண்றா, என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு அதட்டறது?" என்றாள். அதட்டுவதற்குப் பதில் அவள் வேறு ஒன்று செய்தாள். விழுந்து கிடந்த மரம் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்துவிட்டாள். தன் காவலில் இருந்த காடு முழுக்க.

எனக்குச் சொன்னபோது சாப்பாட்டுக் கையோடு சிரித்தாள். "இப்ப நம்ம காட்லேயே பெரிய பணக்காரி நான்தான் புள்ள. அத்தனை மரமும் என்னுது."

அது பலித்தது. அடுத்த ஊர்ப் பெண்கள் வந்தார்கள், கல்லைப் பார்த்தார்கள், போனார்கள். இது யார் இவ்வளவு பேராசைக்காரி என்று ராமாபுரம் சந்தையில் பேசிக்கொண்டார்களாம்.

ஆனால் மேற்பார்வையாளரும் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் கொட்டகைக்கு வந்தார். வழக்கமாக நின்றுகொண்டே பேசுகிறவர், அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காட்டுக்குள் பெரிய பெரிய மரமாகப் பார்த்து யாரோ கல் வைத்து அடையாளம் பண்ணியிருக்கிறார்கள், லாரிக்காரனுக்குக் காட்டுவதற்கு இப்படித்தான் செய்வார்கள், அந்தப் பக்கம் தினமும் நடக்கிறது ஒரே ஆள்தான் என்றார். அக்கா வாசலில் நின்றிருந்தாள்.

"கல்லு நீங்க வச்சதா?"

"ஆமாங்க, நான்தான் வச்சேன்."

"யாக்கே?"

ஏன் என்று அவர் கேட்டதற்கு அவள் பதில் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடப் பேச்சு. ஆனால் அவர் குரலில் ஏற்கெனவே முடிவு இருந்தது. அவளுக்கு அது கேட்டுவிட்டது. பச்சைச் சட்டையைக் கழற்றினாள், மடித்தாள், ஸ்டூல் பக்கத்தில் இருந்த குச்சிக் கட்டின் மேல் வைத்தாள்.

"திருடின்னு முடிவு பண்ணிட்டு வந்து எதுக்குங்க சார் கேக்கறீங்க?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கொட்டகையில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் அந்தக் கல்லின் பொருள் தெரியும். யாரும் பேசவில்லை. அவரைப் பகைத்துக்கொண்டால் கொட்டகை போய்விடுமோ என்று பயம். எனக்கும் அதே பயம்தான். ஆனால் வேலை நின்றால் சத்தியமும் நின்றது என்று அவள் சாமியிடம் சொன்னது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. டீக்கடைக்காரர் இன்னும் அவளைப் பார்த்தால், "அக்கா, கேஸ்ல டீ கட்டுப்படியாகலை, ஒரு கட்டு போடு" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மேற்பார்வையாளர் பைக்கை எடுக்கப் போனார். பின்னால் போனேன். நல்ல வேளையாக அவர் பைக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார், முதுகு என் பக்கம் இருந்தது.

"சார், அது எடுக்கறதுக்கு வச்ச கல்லு இல்லீங்க. எடுக்காம இருக்கறதுக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு போய்விட்டது. வழக்கத்தை முழுதாகச் சொல்ல வரவில்லை. ஏதோ பாதி கன்னடம் பாதி தமிழில் உளறினேன்.

"கல்லு காவல் காக்குமாம்மா?" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

எனக்கு வாதம் பண்ணத் தெரியாது. "நாலஞ்சு மரத்துல எடுத்துட்டுப் பாருங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடிவந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. அக்கா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அவள் பரணில் இருந்து கொடுவாளை எடுத்துத் தீட்டும் சத்தம் எங்கள் சமையலறைக்குக் கேட்டது. எனக்குக் களி கிண்டக் கை வரவில்லை. அவள் போனால் ஊர் சும்மா இருக்காது. ஒரு வீடு போனாலும் எல்லாம் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள் இல்லையா. அவள் போகாமல் இருந்தால் எதைத் தின்பாள்? இரண்டு வேளைச் சோறு நான் கொண்டுபோனேன். முதல் நாள் வாங்கிக்கொண்டாள். பிறகு, "பிச்சைக்காரி ஆக்கிராத புள்ள" என்று தட்டைத் தள்ளிவிட்டாள்.

ஒரு நாள் விடிந்ததும் பார்த்தேன். தோளில் கயிறு, கையில் கொடுவாள், இடுப்பில் சும்மாட்டுத் துணி. காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா?"

"பாக்கப் போறேன்."

நானும் பின்னால் போனேன். வராதே என்று அவள் சொல்லவில்லை. பாதை பாதி மூடியிருந்தது. உண்ணி முள் சேலையை இழுத்தது. அவள் கொடுவாளால் விலக்கிவிட்டுக்கொண்டே போனாள், ஓடையைத் தாண்டி, முதல் குன்றைச் சுற்றி. கல் வைத்த மரங்கள் அப்படியே கிடந்தன. சில மரத்தில் கல்லைச் சுற்றிக் கரையான் மண் ஏறியிருந்தது.

பிறகு ஒரு இடத்தில் நின்றாள். அங்கே முன்பு ஒரு பெரிய வெக்காலி விழுந்து கிடந்தது எனக்குத் தெரியும். இப்போது அது இல்லை. இழுத்துப் போன தடமும் சிராயும் மட்டும் இருந்தன. பக்கத்தில் ஒதுக்கி வைத்தது போல அக்கா வைத்த கல். கொஞ்ச தூரத்தில் இன்னொன்றும் அப்படியே. மேற்பார்வையாளர் கல்லை எடுத்துப் பார்த்திருக்கிறார். கல் எடுத்த மரங்கள் மட்டும் அடுத்த ஊருக்குப் போயிருந்தன.

"பாத்தியா" என்றாள். 

அந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிந்த தூரத்திலேயே நல்ல உலர்ந்த மரம் ஒன்று கிடந்தது, கல்லோடு. அவள் கல். வழக்கப்படி அவளுடைய மரம். கையில் கொடுவாள் இருந்தது, சத்தியம் நின்று போயிருந்தது. அதன் பக்கத்தில் போனாள். கல்லின் மேல் கையை வைத்தாள்.  தடுப்பதற்கு எனக்கு வாயும் இல்லை, உரிமையும் இல்லை.

அவள் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். வெற்றிலையை எடுத்து மடித்தாள். மென்று முடிக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, கல் சற்று நகர்ந்திருந்ததைச் சரியாக வைத்துவிட்டு, "வா" என்றாள்.

திரும்பி வரும்போது தலையில் கட்டு இல்லை. கழுத்து இஷ்டம்போலத் திரும்பும். ஆனாலும் அவள் திரும்பவில்லை. எனக்காகத்தான் திரும்பவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் பேசி முடித்தும் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு மைசூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறது, மகளையும் அங்கேயே காலேஜில் சேர்க்கப் போகிறோம், இந்த வருடமே போகிறோம் என்று.

நடையைக் குறைத்தாள். ஓடை வந்தது, தாண்டினோம். ஊர்க் கூரைகள் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"பஸ்ல ஜன்னலோரமா உக்காரு. உனக்கு வாந்தி வரும்."

அந்த வாரமே மேற்பார்வையாளர் வந்தார். நேராக அக்கா வீட்டு வாசலுக்கு. பச்சைச் சட்டையைக் கையில் மடித்து வைத்திருந்தார். தான் கல் எடுத்த மரம் எல்லாம் போய்விட்டது, எடுக்காதது எல்லாம் இருக்கிறது, தப்பு தன்னுடையது என்று கன்னடத்திலேயே சொன்னார். அந்தப் பக்கம் புதிதாக விழுந்து கிடந்த ஒன்றிரண்டு மரத்தில் அவரே கல் வைத்துவிட்டு வந்தாராம்.

"எப்படி வச்சீங்க? உருண்டைக் கல்லா, தட்டைக் கல்லா?"

"உருண்டை."

"அது உருண்டு கீழ விழுந்துரும், கல்லு வைக்காத மரம்னு நெனச்சு எடுத்துட்டுப் போயிருவாளுங்க. தட்டையா வைக்கோணும் சார். இதுகூடத் தெரியாம என்ன படிச்சீங்க?"

அவர் சிரித்துவிட்டார். அவளும் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அடுத்த ஊருக்கும் திட்டத்தைக் கேட்டு எழுதுகிறேன் என்று அவர் சொன்னார், எழுதவும் செய்தார். அங்கே அடுப்பு வருவதற்கு இன்னும் ஒரு மழைக்காலம் ஆனது. அதுவரைக்கும் அக்காவின் கல்தான் காவல்.

நாங்கள் மைசூருக்கு வந்துவிட்டோம். மகள் படிப்பு முடித்து வேலைக்குப் போகிறாள். அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம் நன்றாக வரும். எனக்கு மண்டபத்தில் வேலை கிடைத்தது. காய் நறுக்குகிற இடத்தில் வரிசையாகச் சுவரைப் பார்த்து உட்காருவோம். அது ஒன்று நல்லது. மொட்டை மாடிக்குப் போனால் சாமுண்டி மலை தெரியும். பச்சையாகத்தான் இருக்கிறது. மலையைப் பார்த்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து அடிக்கடி போனேன். அது வேறு மலை.

அக்காவோடு போனில் பேசுவேன். பேசுவேன் என்றால், அவள் பேசுவாள். முகம் தெரியவில்லை என்றாலும் போனில் எனக்கு வார்த்தை வருவதில்லை. நடக்க வேண்டும், முன்னால் ஒருத்தி போக வேண்டும். அது இங்கே எங்கே கிடைக்கும்? ஒருமுறை மார்க்கெட்டில் பை தூக்கிக்கொண்டு முன்னால் போன ஒரு பெண்ணின் பின்னாலேயே வெகு தூரம் போய்விட்டேன். அவள் நடை அப்படி இருந்தது. பிறகு வெட்கமாகி ஒரு சந்தில் திரும்பிக்கொண்டேன்.

சென்ற கோடையில் ஊருக்குப் போனேன். கொள்ளேகால், ஹனூர் தாண்டி ராமாபுரத்தில் இறங்கியபோது அக்கா பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. பச்சைச் சட்டை புதிது. இன்னும் ஆம்பளைக்குத் தைத்ததுதான்.

மறுநாள் அவளோடு காட்டோரம் வரைக்கும் போனேன். எல்லாம் மாறியிருந்தது. யானை வராமல் இருக்க அகழி வெட்டியிருந்தார்கள். அதன் மேல் ஒரு பலகை. அந்தப் பக்கம் உள்ளே வரக் கூடாது என்று போர்டு. போர்டுக்குப் பின்னால், நாங்கள் வெட்டவெளியாக்கி வைத்திருந்த இடத்தில், என் உயரத்துக்கு வெக்காலிக் கன்றுகள் நின்றன. பக்கத்தில் அரப்பு. காற்று அந்தப் பக்கமிருந்து வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நானும் வரட்டாக்கா?"

"உள்ள உனக்கு என்ன வேலை? விறகா பொறுக்கப் போற?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "உன்னைக் கூட்டிட்டுப் போனா நாளைக்கு ஊரே கேக்கும் புள்ள. நானே விட்டுட்டா, அப்பறம் மத்தவளை என்னன்னு சொல்றது?"

அவள் சொன்னது சரி. எனக்கு உள்ளே போக ஒரு காரணமும் இல்லை. என் வீட்டில் கேஸ் இருக்கிறது. கற்பூரத்தின் மேல் நானும்தான் கை வைத்தேன், நிபந்தனை எதுவும் இல்லாமல்.

அவள் பலகையில் ஏறி அகழியைத் தாண்டினாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். அந்த முதுகு கன்றுகளுக்கு நடுவில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல நிறைய இருந்தது. மகளுக்கு வரன் பார்ப்பது, என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்தது, மண்டபம், லாரி, இரண்டாவது குழந்தை இருந்திருந்தால் இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கும் என்பது. ஒன்றையும் சொல்லவில்லை. சத்தம் போட்டால்தான் கேட்கும் தூரத்துக்குப் போய்விட்டாள்.

மறையப் போகிற இடத்தில் நின்றாள். திரும்பாமலே, கையை வாயருகே குவித்து, முன்பு யானைக்குக் கூக்குரல் போட்ட அதே குரலில் சொன்னாள்.

"ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வெக்காலி விழுந்து கெடக்குது. உனக்குன்னு கல்லு வச்சிருக்கேன். தட்டைக் கல்லு."

பிறகு போய்விட்டாள்.

அதை நான் எடுக்கப் போவதில்லை. வேறு யாரும் தொட மாட்டார்கள். கரையான் ஏறி, மழையில் ஊறி, அது அங்கேயே மண்ணாகப் போகும். லாரி வரும் நாளில் இப்போதும் பின்வாசலில் போய் நிற்கிறேன். துண்டை எடுத்து முகர்ந்து பார்க்கிறேன். தைல மரம். அதை அடுக்கில் வைத்துவிட்டு, காய் நறுக்கப் போகிறேன்.